படம் எப்ப குடுப்ப?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில், கழுத்தில் காமிராவும் கையில் மூலை மடங்கிய ஆல்பமுமாக நிற்பவர்களைப் பார்க்காமல் யாரும் கடந்து போயிருக்க முடியாது. ஆல்பத்தைப் புரட்டினால், கோபுரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறவர் ஒருவர், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தோள்கொடுத்துத் தாங்குகிறவர் இன்னொருவர், அலை வந்து மோதும்போது கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற புதுப்பெண் ஒருத்தி. செல்போன் காமிரா வருவதற்கு முன், வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த குடும்பங்களுக்கு இந்த ஊரை வந்து பார்த்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான். பிலிம் ரோல் காலத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு நோட்டில் முகவரி எழுதிக்கொள்வார்கள். படம் தபாலில் போகும். பிறகு போலராய்டு வந்தது. அதன்பின் தோள்பையில் அடங்குகிற சின்ன பிரிண்டரை வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே படத்தைக் கையில் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள்.

இவர்களோடு பேச்சுக் கொடுத்தால் ஒன்று புரியும். அந்த ஊர்க் கல்லை அவர்கள் படித்திருப்பது வேறு மாதிரி. அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை என்பதால் விடிந்த உடனே வெயில் நேராக முகத்தில் அடித்து எல்லா உருவமும் தட்டையாகத் தெரியும். சூரியன் கொஞ்சம் மேலேறி, வெளிச்சம் பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போதுதான் உருவங்கள் புடைத்து எழும். அப்போது பெரிய யானைகளை எல்லாரும் எடுப்பார்கள். உள்ளூர்க்காரர் முழங்காலிட்டு, பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானை எடுப்பார். ஒற்றைக்காலில் தவம் செய்கிற பூனையையும் அதன் காலடியில் நிற்கும் எலிகளையும் எடுப்பார். பக்கத்து கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிறவரும் கன்றை நக்குகிற பசுவும் அவர்களுக்குச் செல்லமான இடம். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய சிற்பி, பக்கத்துத் தொழுவத்தைப் பார்த்துத்தான் அதைச் செதுக்கியிருப்பான் என்று அடித்துச் சொல்வார்கள்.

செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் இந்தக் கரையோடும் பக்கத்து ஏரிகளோடும் தொழில் கற்றவர். 1980களின் தொடக்கத்தில் இன்னொருவரின் ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தார். அவருடைய வேலைக்கால நினைவுகளைக் கேட்டால், இந்தப் பகுதியின் படக்கலை எந்த வழியாக நடந்து வந்தது என்பது தெரியும்.

அன்றைய ஸ்டுடியோ என்பது முன்னால் ஒரு கவுன்ட்டர், நடுவில் திரைச்சீலை தொங்கும் அறை, பின்னால் இருட்டறை. சீலையில் மாடிப்படியும் பூந்தொட்டியும் தூரத்து மலையும் வரைந்திருக்கும். 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். அதில் ஒன்று வீணானாலும் முதலாளி முகம் சுண்டிவிடும். கறுப்பு வெள்ளைக்கு உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமும் பேப்பரும் தாராளமாகக் கிடைத்தன. பையனுக்கு முதலில் கிடைத்த வேலை ஹைப்போ தொட்டியில் கிடக்கும் படங்களை எடுத்துத் தண்ணீரில் அலசுவது. பிறகு, முதலாளி ரீடச்சிங் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. சாய்வான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தின் அம்மைத் தழும்பை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு ஆற்றுவார் அவர். தொட்ட இடம் தெரியக்கூடாது. அந்தப் படத்தோடு ஒரு பெண்ணின் ஜாதகம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். ஆகவே அந்தப் பென்சில் முனையில் ஒரு குடும்பத்தின் கவலையும் இருந்தது.

ஸ்டுடியோக்காரர்கள் ஆசைப்பட்டு எடுத்த படம் எது என்று கேட்டால், பலரும் மஞ்சள் நீராட்டுக்குப் பிறகு எடுக்கும் சடைப் படத்தைச் சொல்கிறார்கள். பெண் கண்ணாடிக்கு முன்னால் உட்காருவாள். முகம் காமிராவைப் பார்க்கும். பூ தைத்த சடை முழுவதும் பின்னாலுள்ள கண்ணாடியில் விழ வேண்டும். காமிராவும் விளக்கும் எடுப்பவரும் கண்ணாடியில் தெரியக்கூடாது. இதைச் சரியாகச் செய்யக் கண்ணாடியை அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். வெட்கத்தில் தலைகுனியும் பெண்ணை நிமிர வைக்க அவள் தாய்மாமனை அறைக்கு வெளியே அனுப்புவதும் அந்தத் தொழிலில் ஒரு பாடம்.

இந்த மண்ணைப் படம் எடுத்தவர்கள் இவர்களுக்கு முன்னும் உண்டு. சென்னையில் புகைப்படச் சங்கம் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் 1856இல் தொடங்கியது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டு, மதுரை, தஞ்சைக் கோயில்களையெல்லாம் பெரிய காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். செலவு கட்டாது என்று டிரெவிலியன் கவர்னராக வந்தபோது அந்தப் பதவியை ஒழித்துவிட்டார். அந்தக் காலத்துக் கோயில் படங்களை இன்று உற்றுப் பார்த்தால் தூணருகே, படிக்கட்டில், வேட்டி கட்டிய ஒருவர் அசையாமல் நிற்பார். தூண் எவ்வளவு உயரம் என்று காட்ட நிறுத்தப்பட்டவர். அவர் யார், எந்த ஊர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கத்து உள்ளூர்க்காரர்கள் செய்த பெரிய காரியம், அப்படித் தூணுக்கு அளவாக நின்ற மனிதரைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்ததுதான். திட்டமிட்டுச் செய்யவில்லை. படத்துக்குக் காசு கொடுத்தவர் அவர்தானே.

ஸ்டுடியோ வேலை இல்லாத நாளில் காமிராக்காரர்கள் போகிற இடம் வேடந்தாங்கல். முப்பது ஹெக்டேர் பரப்பளவில் அடங்கிவிடும் ஏரி. கார்த்திகை மழையில் தண்ணீர் நிரம்பினால், ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இடமில்லாதபடி கூடுகள். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அவர்கள். தீபாவளிக்கும் வெடி வைப்பதில்லை. 2020இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையைச் சுருக்க யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பில், இங்கே எடுத்த படங்களும் கைமாறிக் கைமாறிப் போயின. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சேர்ந்தன.

நடுப்பகல் வெயிலில் மற்றவர்கள் காமிராவை மூடிவிட்டுக் கட்டுச்சோறு பிரிப்பார்கள். செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரருக்கு அதுதான் நேரம். குஞ்சின் மேல் வெயில் படாமல் தாய் நாரை இறக்கையை விரித்து நிழல் பிடிக்கும். ஒரே நிலையில் வெகுநேரம். வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். பறக்கிற பறவையை எடுத்தால் பாராட்டுவார்கள். நிற்கிற இந்தப் பறவையை எடுக்கத்தான் பொறுமை வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தப் பொறுமைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை ஒன்றாகப் பொருத்தித் தானே ஒரு கருவி செய்துகொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தவர். கலர் பிலிம் பெருகிய பின்னும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. 1950 முதல் தன் கடைசிக் காலம் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தமிழில் அவர் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். வேடந்தாங்கல் கோபுரத்தில் துப்பாக்கி நீளத்துக்கு லென்ஸ் மாட்டி நிற்கும் இன்றைய இளைஞர்கள் அந்த நூலை ஒருமுறையாவது படிக்க வேண்டும். பறவையின் பெயரும் பழக்கமும் தெரிந்தவன் எடுக்கும் படத்துக்கும் தெரியாதவன் எடுப்பதற்கும் உள்ள தூரம் அதில் விளங்கும்.

எடுக்கும்போது சாதாரணமாகத் தோன்றி, பின்னாளில் ஆவணமாகிவிட்ட படங்களும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பூசகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். மஞ்சள் முகப் பாறு என்கிற இனம். படியேறி வந்து அதைப் பார்ப்பதே யாத்திரையின் முக்கியமான பகுதி. உள்ளூர்ப் படக்காரர்களுக்கு அது அன்றாடக் காட்சி. அந்தக் கிண்ணத்தையும் வெள்ளை இறகையும் எத்தனையோ பேர் எடுத்தார்கள்; பழைய தபால் அட்டைகளிலும் உண்டு. 1990களோடு பறவைகள் வருவது நின்றுபோனது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்தால் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் மடிந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 2006இல்தான் அந்தக் கால்நடை மருந்து தடைசெய்யப்பட்டது. ஒரு ஸ்டுடியோ அலமாரியில் கிடக்கும் கழுகுப் படத்துக்கு இன்று வேறு மதிப்பு.

ஆனால் இந்தக் கரையில் காமிராக்காரர்கள் வருடம் தவறாமல் திரும்பத் திரும்பப் போகிற நாள் ஒன்றுதான்: மாசி மகம்.

அன்றைக்கு மாமல்லபுரம் கடற்கரை இருளர் பழங்குடியினருடையது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் முந்தின நாளே மூட்டையும் குழந்தையுமாக வந்து இறங்கும். நாலு குச்சி நட்டுச் சேலையைச் சுற்றினால் கூடாரம். ஆயிரக்கணக்கில் சேலைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம், கடற்காற்றில் புடைத்துக்கொண்டு நிற்கும். அவர்களுடைய கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுகிறாள். வேண்டிக்கொண்டு அவளைத் திரும்ப அழைக்கத்தான் இங்கே கூடுவது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். பௌர்ணமி இரவு முழுக்கப் பாட்டும் ஆட்டமும். விடியுமுன் அலையோரத்தில் ஈரமணலைக் குவித்துப் படி கட்டி, மஞ்சள் குங்குமம் பூசி, பூ வைத்து, தேங்காய் பழம் படைத்துக் கும்பிடுவார்கள். சாமி வந்தவர் வாக்குச் சொல்வார். காது குத்து, மொட்டை, பெண் பார்ப்பது எல்லாம் அங்கேயே. கல்யாணமும் நடக்கும். சூரியன் கடலில் எழும் நேரத்தில், மணற்படிக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டு நிற்கிற ஜோடிக்குப் பின்னணியாகக் கடல் முழுவதும் இருக்கிறது. எந்த ஸ்டுடியோச் சீலையிலும் அப்படி வரைந்ததில்லை.

ஸ்டுடியோக்காரர் முதன்முதலில் அங்கே போனபோது இளவட்டம். முதலாளியிடம் இரவல் வாங்கிய காமிரா. ஒரு கூடாரத்தின் முன்னால் மூன்று கல் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்த கிழவியிடம் தயங்கிக் கேட்டார்:

“பாட்டி, உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கோ தம்பி. போன வருசமும் ஒருத்தன் வந்து எடுத்தான். அவன் எங்க போனானோ. நீ படம் எப்ப குடுப்ப?”

“அடுத்த மாசி மகத்துக்கு எடுத்தாறேன் பாட்டி.”

“இதே எடத்துலதான் கூடாரம் போடுவோம். தேடி வா.”

மறுவருடம் அதே இடத்தில் அவர்கள் இருந்தார்கள். படத்தைக் கொடுத்தார். கிழவி அதைக் கையில் வாங்கியும் தன்னைப் பார்க்கவில்லை. பின்னால் மங்கலாக விழுந்திருந்த பேரனைத்தான் பார்த்தாள். பக்கத்துக் கூடாரங்களுக்கு அது கைமாறிப் போனது. அன்று அவரை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வழக்கம் அதற்குப் பிறகும் நின்றதில்லை. மாசி மகத்துக்குப் போகும்போது பையில் புது பிலிம் ஒருபக்கம், போன வருடப் பிரிண்டுகள் ஒருபக்கம். கடற்கரையில் எடுத்த எந்த முகத்தையும் பிரிண்ட் போடாமல் விட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர். மாசி மகத்தன்று விலை உயர்ந்த காமிராக்களோடு நகரங்களிலிருந்து வந்து கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து எடுத்துப் போகிறவர்களின் படங்களில் வண்ணம் நன்றாக இருக்கிறது. தூங்குகிறவர்களையும் குளிக்கிறவர்களையும் கேட்காமல் எடுப்பது நன்றாக இல்லை.

பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்க விஷம் தருகிறவர்களும் இந்த மக்கள்தான். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றபோது நாடெங்கும் பத்திரிகைகள் அவர்கள் முகத்தைத் தேடின. கடற்கரை மணலில் அந்த மக்களோடு உட்கார்ந்து பழகிய உள்ளூர்க் காமிராக்காரர்களுக்கு அந்த உலகம் எப்போதோ அறிமுகம்.

2004 டிசம்பர் 26 காலை கடல் பின்வாங்கியபோது, அதுவரை தண்ணீருக்குள் இருந்த பாறைகள் வெளியே தெரிந்ததைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். காமிரா எடுக்கும் நேரமாக அது இல்லை, ஓடும் நேரம். அலை ஓய்ந்த பிறகு மணல் அரித்துப் போன இடங்களில் சிற்பங்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயிலும் கல்வேலும் கிடைத்தன. அந்த வாரங்களில் உள்ளூர்ப் படக்காரர்கள் எடுத்தவற்றில் பெரும்பகுதி சிற்பங்கள் அல்ல. உடைந்த படகு, அறுந்த வலை, இழப்பீட்டு விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் முகம். அந்தச் சின்னப் படங்களுக்குக் காசு வாங்க மனம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2019 அக்டோபர் 11 அன்று இந்தியப் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன் கைகோத்து நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அதை எடுத்தவர்கள் அரசுப் படக்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு லாபம் அடுத்த வாரம் வந்தது: அதே இடத்தில் அதே மாதிரி நின்று எடுத்துக்கொள்ளக் கூட்டம். அதுவரை சும்மா ஏறிப்போன பாறைக்கு அப்போதுதான் நுழைவுக் கட்டணமும் வந்தது.

அலையும் இப்போது அவர்கள் பாடத்தில் சேர்ந்துவிட்டது. கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் சர்ஃபிங் கற்றுக்கொண்டு 2012இல் பள்ளி தொடங்கிய பிறகு, குப்பத்துப் பிள்ளைகள் பலகையோடு கடலில் இறங்கினார்கள். மாமல்லபுரத்தில் கமலி என்ற சிறுமி வெறுங்காலோடு, வெள்ளைக் கவுனில் ஸ்கேட்டிங் பலகையில் சறுக்கிய படத்தை அமெரிக்க ஸ்கேட்டர் ஜேமி தாமஸ் எடுத்தார். ஸ்கேட்டிங்கில் புகழ்பெற்ற டோனி ஹாக் அதைப் பகிர்ந்தார். அவளையும் அவள் அம்மாவையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுப் பரிந்துரை வரை போனது. வெளியார் கண்ணில் பட்டதால் நேர்ந்த நல்லது அது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றபோது நிலைமை வேறு. நீர்புகாத உறைக்குள் காமிராவை வைத்து அலைக்குள் நீந்திப்போய் எடுக்கிற பையன்கள் இந்தக் கரையிலேயே உருவாகிவிட்டார்கள். எந்த அலை எங்கே உடையும் என்று அவர்களுக்குச் சொல்லித் தருவது அவர்களுடைய அப்பாக்களின் மீன்பிடிப் பழக்கம்.

தங்களவரைத் தாங்களே படமெடுப்பது இந்தக் கரையோடு நிற்கவில்லை. மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான எம். பழனிக்குமார் இன்று உழைக்கும் மக்களைப் படமெடுப்பதில் பலருக்கு வழிகாட்டி. ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் தொடங்கி கிராமப்புற மக்களின் வாழ்வைப் பதிவுசெய்யும் பாரி இணையதளத்தின் புகைப்படக்காரராகி, 2022இல் தயானிதா சிங் – பாரி விருதை முதலாவதாகப் பெற்றவர். தன்னைப்போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் காமிராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டை, அம்மாவின் கையை, தெருவை எடுக்கிறார்கள். செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இதுல யாரும் யாரையும் எட்டிப் பார்க்கலை.”

அவர் ஸ்டுடியோ இப்போது இல்லை. நெகட்டிவ் பெட்டிகள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. டிஜிட்டல் வந்தபோது பல ஸ்டுடியோக்கள் தங்கள் நெகட்டிவ்களை எடைக்குப் போட்டன. பிலிமிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் வீடு தேடி வந்து வாங்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கியது அந்த அழிவுக்கு நடுவில்தான். அதுபோன்ற வேலை செங்கல்பட்டில், மதுராந்தகத்தில், திருக்கழுக்குன்றத்தில் வீடு வீடாக நடக்க வேண்டும். பரணில் கிடக்கும் நெகட்டிவ் மழைக்காலத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. படத்தைவிடச் சீக்கிரம் தொலைவது பெயர். எடுத்தவருக்கும் வயதாகிறது, எடுக்கப்பட்டவருக்கும் வயதாகிறது.

அதனால் ஸ்டுடியோக்காரர் பழைய மாசி மகப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிண்ட் போட்டுக் கடற்கரைக்கு எடுத்துப் போகிறார். கூடாரத்து நிழலில் பாயில் பரப்பி வைத்தால் கூட்டம் சேர்ந்துவிடும். “இது எங்க ஆயா”, “இது செத்துப்போன பெரியப்பா”, “இந்தா, இது நான், மொட்டையடிச்ச வருசம்.” சொல்லச் சொல்லப் பெயரையும் ஊரையும் படத்தின் பின்புறம் எழுதிக்கொள்கிறார். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும் என்று மெத்தென்ற பென்சிலால் எழுதுகிறார். ஒரு பிரிண்ட் அவர்களுக்கு, ஒன்று அவர் பெட்டிக்கு. யாரென்று யாருக்கும் தெரியாத முகங்களைத் தனி உறையில் போட்டு, அடுத்த மாசிக்கு வேறு ஊர்க் கூடாரங்களில் கேட்க வைத்திருக்கிறார்.